என்எஃப்எஸ்: தாய்க் கோப்புறை வருகிறது, உள்ளே இருக்கும் டேட்டாசெட்டுகள் மட்டும் காலியாகத் தெரிகின்றன. 61 ஜிபி படங்களைக் காணவில்லை

தாமிரபரணிக்கரை · வெள்ளி, இரவு 9.42

அனைவருக்கும் வணக்கம். அவசரம் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

திருநெல்வேலியில் ஒரு சிறிய புகைப்பட நிலையத்தின் சர்வரை நான் பார்த்துக்கொள்கிறேன். டெபியன் 12 லினக்ஸ், வட்டுகளில் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை. மற்றக் கணினிகள் என்எஃப்எஸ், அதாவது பிணையம் வழியாகக் கோப்புறைகளைப் பகிரும் முறை, மூலம் இணைகின்றன. பூலின் (வட்டுத் தொகுப்பின்) பெயர் டேட்டா. அதில் ஃபோட்டோ என்று ஒரே டேட்டாசெட் (பூலுக்குள் ஒரு தனிப் பிரிவு) இருந்தது. பொங்கல் விடுமுறையில் அதைப் பிரித்து, ஃபோட்டோவுக்குள் 2023, 2024, 2025 என்று ஆண்டுக்கு ஒரு குழந்தை டேட்டாசெட் உருவாக்கினேன். ஆண்டுவாரியாக ஒதுக்கீடும் ஸ்னாப்ஷாட்டும் (அந்த நேரத்து நிலையின் உறைந்த பிரதி) தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் எண்ணம். என்எஃப்எஸ்ஸில் பகிரச் சொல்லும் ஷேர்என்எஃப்எஸ் பண்பு தாயில் இருக்கிறது, குழந்தைகள் அதை அப்படியே பெற்றுக்கொண்டன.

படத்தொகுப்பு செய்யும் இரண்டு உபுண்டு கணினிகளிலும் எல்லாம் சரியாகத் தெரிகிறது. பிரின்ட் அறையில் இருக்கும் பழைய கணினியில் மட்டும் 2023, 2024, 2025 என்ற பெயர்கள் தெரிகின்றன. திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. அங்கே வேலை செய்யும் தம்பி, பழைய படங்களை நான் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு, மூன்று கல்யாணங்களின் படங்களை 2025க்குள் ஏற்றியிருக்கிறார். மொத்தம் 61 ஜிபி. அவருடைய திரையில் அந்தப் படங்கள் இன்னும் தெரிகின்றன. சர்வரில் போய்ப் பார்த்தால் 2025க்குள் அவை இல்லை. உபுண்டு கணினிகளிலும் இல்லை. மெமரி கார்டுகளை அழித்து அடுத்த நிகழ்ச்சிக்குக் கொடுத்துவிட்டோம்.

படங்கள் எங்கே போயின? எனக்குக் கை நடுங்குகிறது.

---

கல்தூண் · வெள்ளி, இரவு 9.58

தம்பி, படங்கள் போகவில்லை. உங்கள் சர்வரிலேயே இருக்கின்றன, 2025 டேட்டாசெட்டுக்கு அடியில். இந்த நிமிடத்திலிருந்து அந்தப் பழைய கணினியில் யாரும் எதையும் எழுதவோ அழிக்கவோ வேண்டாம். அதை அணைக்கவும் வேண்டாம்.

இரண்டு விவரங்கள் தேவை. அந்தக் கணினியின் எஃப்எஸ்டேப் (எவற்றை எங்கே இணைக்க வேண்டும் என்ற பட்டியல்) கோப்பில் என்எஃப்எஸ் வரியில் எந்தப் பதிப்பு எழுதியிருக்கிறது? ஷேர்என்எஃப்எஸ் பண்பில் "ஆன்" என்று மட்டும் வைத்திருக்கிறீர்களா, நீங்களாக விருப்பங்களை எழுதினீர்களா?

---

தாமிரபரணிக்கரை · வெள்ளி, இரவு 10.06

ஐயா, அந்தக் கணினியில் பதிப்பு 3 என்று எழுதியிருக்கிறது. எனக்கு முன்பு இருந்தவர் வைத்தது. உபுண்டு கணினிகளில் பதிப்பு எதுவும் எழுதவில்லை, அவை தாமாக 4.2இல் இணைந்திருக்கின்றன.

ஷேர்என்எஃப்எஸ்ஸில் நானாக எழுதினேன்: 192.168.10.0/24 பிணையத்துக்கு எழுதும் அனுமதி, கூடவே நோ_ரூட்_ஸ்குவாஷ் (இணையும் கணினியின் நிர்வாகப் பயனரான ரூட்டைச் சர்வரிலும் ரூட்டாகவே ஏற்கும் விருப்பம்).

---

கல்தூண் · வெள்ளி, இரவு 10.31

நினைத்தது சரிதான். நிதானமாகப் படியுங்கள்.

இசட்எஃப்எஸ்ஸில் குழந்தை டேட்டாசெட் என்பது தனிக் கோப்பு முறைமை. அது வந்து உட்கார தாய் டேட்டாசெட்டுக்குள் 2025 என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்புறை இருக்கிறது. குழந்தை மவுன்ட் ஆனதும், அதாவது அந்த இடத்தில் இணைக்கப்பட்டதும், அந்தக் கோப்புறையை அது மூடிக்கொள்கிறது. பாத்திரத்தின் மேல் தட்டு வைத்து மூடியதுபோல. சர்வரில் உட்கார்ந்து பார்க்கும் உங்களுக்குத் தட்டுதான் தெரியும், பாத்திரம் தெரியாது.

என்எஃப்எஸ் பதிப்பு 3 வழியாகத் தாயை மவுன்ட் செய்த கிளையன்டுக்கு (சர்வரோடு இணையும் கணினிக்கு) தாய் மட்டும்தான் கிடைக்கும். குழந்தையும் தனியாக எக்ஸ்போர்ட் ஆகியிருந்தாலும் (பகிரப்பட்டிருந்தாலும்), அதைத் தனியாக மவுன்ட் செய்தால்தான் வரும். இல்லையென்றால் கிளையன்ட் பார்ப்பது அடியில் இருக்கும் பாத்திரத்தை, அதாவது தாயின் வெற்றுக் கோப்புறையை. எழுதினால் அதற்குள்தான் எழுதும். உங்கள் 61 ஜிபி அங்கேதான் போயிருக்கிறது.

பதிப்பு 4 அப்படி இல்லை. எக்ஸ்போர்ட் செய்த குழந்தை எதையும் அது மறைப்பதில்லை. எல்லை தாண்டும்போது கோப்பு முறைமை மாறுவதைக் கிளையன்ட் கண்டுகொண்டு, அந்த இடத்தில் தானே ஒரு துணை மவுன்ட் போட்டுக்கொள்ளும். அதனால்தான் உபுண்டு கணினிகளில் உங்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

ஒன்றைச் சோதித்துச் சொல்லுங்கள். இசட்எஃப்எஸ் லிஸ்ட் கட்டளையை ஸ்பேஸ் என்ற நெடுவரிசைத் தொகுப்புடன் ஓட்டுங்கள். யூஸ்டுடிஎஸ் என்று ஒரு நெடுவரிசை வரும். அந்த டேட்டாசெட் தானே பிடித்திருக்கும் இடம், குழந்தைகளும் ஸ்னாப்ஷாட்டும் சேராமல். ஃபோட்டோ வரியில் அது சில நூறு கேபிக்குள்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் எல்லாவற்றையும் குழந்தைகளுக்கு மாற்றிவிட்டீர்கள். அங்கே எவ்வளவு காட்டுகிறது?

---

தாமிரபரணிக்கரை · வெள்ளி, இரவு 10.37

61.2ஜி.

ஐயா, 61.2ஜி என்று காட்டுகிறது.

---

மின்மினி · வெள்ளி, இரவு 10.40

அப்படியானால் 2025ஐ அன்மவுன்ட் செய்தால் அடியில் இருப்பது தெரிந்துவிடுமே? எடுத்துக்கொண்டு திரும்ப மவுன்ட் செய்துவிடலாம்.

---

கல்தூண் · வெள்ளி, இரவு 10.49

மின்மினி, செய்ய முடியும்தான். ஆனால் இப்போது வேண்டாம். உபுண்டு கணினிகளில் யாராவது 2025க்குள் கோப்பைத் திறந்து வைத்திருந்தால் அவர்களுடைய வேலை பாதியில் அறுந்து, காலாவதியான கைப்பிடி என்ற பிழை வரும். அதைவிட மோசம், மூடி இல்லாத அந்த நேரத்தில் அவர்கள் எழுதுவதும் அடியில் விழக்கூடும். ஏற்கெனவே கலந்து கிடப்பதை இன்னும் கலக்கிவிடுவோம்.

எதையும் தொடாமல் பார்க்க இரண்டு வழிகள் இருக்கின்றன. தம்பி, நீங்கள் இரவுதோறும் ஸ்னாப்ஷாட் எடுக்கிறீர்கள் அல்லவா? தாய் டேட்டாசெட்டுக்கும் சேர்த்து எடுக்கிறீர்கள் என்றால், ஃபோட்டோவுக்குள் மறைந்திருக்கும் .இசட்எஃப்எஸ் கோப்புறைக்குள் போய், ஸ்னாப்ஷாட் என்பதைத் திறந்து, கடைசி இரவின் பெயருக்குள் 2025ஐப் பாருங்கள். தாயின் ஸ்னாப்ஷாட்டில் தாய் மட்டும்தான் இருக்கும், அதன் மேல் குழந்தை மூடியிருக்காது. படிக்க மட்டும்தான் முடியும் என்பதால் தவறுதலாக எதையும் அழிக்கவும் முடியாது.

ஸ்னாப்ஷாட் இல்லையென்றால், ஒரு வெற்றுக் கோப்புறை உருவாக்கி, ஃபோட்டோவை அங்கே பைண்ட் மவுன்ட் (அதே கோப்புறையை இன்னோர் இடத்திலும் தெரியவைப்பது) செய்யுங்கள். வெறும் பைண்ட், ஆர்பைண்ட் அல்ல. வெறும் பைண்ட் துணை மவுன்டுகளைக் கூட்டிக்கொண்டு வராது. இங்கே நமக்கு வேண்டியது அதுதான்.

---

தாமிரபரணிக்கரை · வெள்ளி, இரவு 11.08

கிடைத்துவிட்டன.

நேற்று இரவின் ஸ்னாப்ஷாட்டில் 2025ஐத் திறந்தேன். மூன்று கல்யாணங்களும் மூன்று கோப்புறைகளாக இருக்கின்றன. முதல் கோப்புறையில் நடுவிலிருந்து ஒரு படத்தைத் திறந்தேன். மணவறையில் பெண்ணுக்குத் தலை குனிந்திருக்கிறது, தாலி கட்டும் கைகள், பின்னால் குத்துவிளக்கு. முழுதாகத் திறந்தது. என் அருகில் உட்கார்ந்திருந்த அந்தத் தம்பி ஒரு மணி நேரமாகப் பேசாமல் இருந்தவர், இப்போதுதான் தண்ணீர் குடித்தார்.

ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இப்போது ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியை வைத்து உண்மையான 2025க்கு நகலெடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்று பகலில் ஏற்றிய சில படங்கள் ஸ்னாப்ஷாட்டில் இல்லை. அவற்றைப் பைண்ட் மவுன்ட் வழியாக எடுத்துக்கொள்கிறேன்.

---

ஆலம்விழுது · சனி, காலை 6.20

இரவே படித்திருந்தால் நானும் கூட இருந்திருப்பேன். படங்கள் கிடைத்ததில் நெஞ்சு நிறைந்தது.

ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது, அதை விட்டுவிடக் கூடாது. இசட்எஃப்எஸ் உருவாக்கும் மவுன்ட் கோப்புறை ரூட்டுக்குச் சொந்தமானது, அனுமதி 755. சாதாரணப் பயனர் அதற்குள் எழுத முடியாது. பிறகு அந்தத் தம்பியால் எப்படி எழுத முடிந்தது?

---

தாமிரபரணிக்கரை · சனி, காலை 7.15

கேட்டுப் பார்த்தேன். முதல் நாள் "அனுமதி மறுக்கப்பட்டது" என்று வந்திருக்கிறது. கார்டிலிருந்து நகலெடுக்கும் ஸ்கிரிப்டை அதன் பிறகு ரூட்டாக ஓட்டியிருக்கிறார். நோ_ரூட்_ஸ்குவாஷ் இருந்ததால் சர்வர் ஏற்றுக்கொண்டுவிட்டது.

அந்தத் தம்பி மேல் தவறில்லை. அவருக்கு முன்னால் இருந்த திரை அவரிடம் பொய் சொன்னது. கோப்புறையைப் பிரித்த நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

---

ஆலம்விழுது · சனி, காலை 7.40

அந்த ஒரு வரி, "அனுமதி மறுக்கப்பட்டது", சர்வர் உங்களுக்கு விடுத்த எச்சரிக்கை. வழக்கமான ரூட்_ஸ்குவாஷ் இருந்திருந்தால் கிளையன்டின் ரூட்டை நோபடி என்ற உரிமையற்ற பயனராக மாற்றி, எழுத விடாமல் தடுத்திருக்கும். வட்டே இல்லாத கணினிகள் பிணையத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது போன்ற காரணம் இருந்தாலொழிய நோ_ரூட்_ஸ்குவாஷ் வேண்டாம். இன்றே எடுத்துவிடுங்கள்.

---

மின்மினி · சனி, காலை 8.05

நான் ஒன்று சொல்லலாமா? ஷேர்என்எஃப்எஸ் வரியில் கிராஸ்எம்என்டி (அடியில் மவுன்ட் ஆனவற்றையும் சேர்த்துக் காட்டும் விருப்பம்) சேர்த்தால் முடிந்துவிடுமே. பதிப்பு 3 கிளையன்டும் எல்லை தாண்டிப் போகும். நான் வீட்டில் அப்படித்தான் வைத்திருக்கிறேன், மூன்று வருடங்களாகச் சிக்கலே இல்லை. உண்மையில் லினக்ஸில் ஷேர்என்எஃப்எஸ்ஸை "ஆன்" என்று மட்டும் வைத்தால் கிராஸ்எம்என்டி தானாகவே சேர்ந்து வரும். நாமாக விருப்பங்களை எழுதும்போது அது விடுபட்டுப் போகிறது. இவருக்கு நடந்தது அதுதான்.

---

கல்தூண் · சனி, காலை 9.12

மின்மினி சொன்னது முற்றிலும் சரி. விடுபட்ட அந்த ஒரு சொல்தான் இத்தனைக்கும் காரணம். ஆனாலும் நான் கிராஸ்எம்என்டியைக் கண்ணை மூடிக்கொண்டு போடச் சொல்ல மாட்டேன்.

கிராஸ்எம்என்டி போட்ட தாய்க்கு அடியில் எது மவுன்ட் ஆனாலும் அதுவும் எக்ஸ்போர்ட் ஆகிவிடும். தாயின் விருப்பங்கள் அனைத்தும், எஃப்எஸ்ஐடி என்ற அடையாள எண் தவிர, அதற்கும் பொருந்தும். "இந்தக் குழந்தையை மட்டும் காட்டாதே" என்று சொல்ல வழியே இல்லை. சிலதைக் காட்டி சிலதை மறைக்க வேண்டுமென்றால் தாயிலிருந்து கிராஸ்எம்என்டியை எடுத்துவிட்டு, காட்ட வேண்டியவற்றை ஒவ்வொன்றாக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், சம்பளப் பட்டியல் இருந்த வெளிவட்டை ஒருவர் "சும்மா பத்து நிமிடம்" என்று பகிரப்பட்ட கோப்புறைக்கு அடியில் மவுன்ட் செய்தார். தாயில் கிராஸ்எம்என்டி இருந்தது. அந்தப் பத்து நிமிடத்தில் யார் யார் பார்த்தார்கள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

வீட்டில் எல்லாமே உங்களுடையது, அங்கே அது நல்ல விருப்பம். பத்துப் பேர் புழங்கும் இடத்தில் எது வெளியே போகிறது என்பதை ஒவ்வொன்றாக எழுதிவைப்பதே எனக்கு நிம்மதி.

---

செம்மண் · சனி, காலை 9.50

நோஹைட் என்று ஒன்று உண்டே, "மறைக்காதே" என்று குழந்தையில் போடுவது? அது நடுவழியாக இருக்காதா?

---

கல்தூண் · சனி, காலை 10.03

இருக்கும், ஆனால் இவருக்கு உதவாது. நோஹைட் ஒற்றைக் கணினிக்கு எழுதிய எக்ஸ்போர்ட்டில்தான் நம்பகமாக வேலை செய்யும். 192.168.10.0/24 என்று முழுப் பிணையத்துக்கும் எழுதினால் நம்ப முடியாது என்று கையேட்டிலேயே எச்சரித்திருக்கிறார்கள். ஐரிக்ஸ் என்ற பழைய யூனிக்ஸ் இயங்குதளத்தின் காலத்திலிருந்து வந்த விருப்பம் அது. பதிப்பு 4இல் அதற்கு வேலையே இல்லை.

---

நள்ளிரவுப் பணி · சனி, முற்பகல் 11.30

இந்தப் பேச்சில் இன்னும் ஒருவரும் தொடாத ஓர் இடம் இருக்கிறது. தாமிரபரணிக்கரை, உங்கள் காப்புநகல் எங்கே ஓடுகிறது? சர்வரிலா, கிளையன்டிலா? ஆர்சிங்க் என்றால் எக்ஸ் என்ற சிறிய விருப்பம் இருக்கிறதா?

பதிப்பு 4 குழந்தைகளைக் காட்டுகிறது என்று நிம்மதியாக இருக்கிறோம். ஆனால் கிளையன்டின் கண்ணுக்கு ஒவ்வொரு குழந்தையும் தனி மவுன்ட். உள்ளே நுழைந்த பிறகு மவுன்ட் பட்டியலைப் பாருங்கள், 2025 தனி வரியாக இருக்கும். யாரும் தொடாவிட்டால் 500 விநாடி கழித்து அந்த வரி தானே மறைந்துவிடும், திரும்ப நுழைந்தால் மீண்டும் வரும். ஆகவே "ஒரே கோப்பு முறைமைக்குள் நில்" என்று சொல்லும் விருப்பம் எந்தக் கருவியில் இருந்தாலும், அது 2025இன் வாசலிலேயே நின்றுவிடும். ஆர்சிங்க், டார், டியூ, ஃபைண்ட் எல்லாவற்றிலும் அப்படி ஒரு விருப்பம் உண்டு. காப்புநகலில் பெயர் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. பிழைச் செய்தியும் வராது.

---

தாமிரபரணிக்கரை · சனி, பிற்பகல் 12.25

இதைப் படித்ததும் ஓடிப்போய் வெளிவட்டைச் செருகிப் பார்த்தேன். எக்ஸ் விருப்பம் இருக்கிறது. காப்புநகல் உபுண்டு கணினி ஒன்றில்தான் ஓடுகிறது. பொங்கலுக்குப் பிறகு வந்த ஒரு படம்கூட வெளிவட்டில் இல்லை. 2025 என்று வெற்றுக் கோப்புறை மட்டும் இருக்கிறது. 2023உம் 2024உம் பழைய நகலில் தப்பித்தன.

அண்ணா, நீங்கள் கேட்காமல் இருந்திருந்தால் வட்டு பழுதாகும் நாளில்தான் எனக்குத் தெரிந்திருக்கும். எக்ஸை எடுத்துவிட்டு முழு நகல் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

---

நள்ளிரவுப் பணி · சனி, பிற்பகல் 12.41

முடிந்தால் காப்புநகலை சர்வருக்கே மாற்றுங்கள். இசட்எஃப்எஸ் சென்ட் கட்டளையைப் பெரிய எழுத்து ஆர் விருப்பத்துடன் ஓட்டினால் குழந்தைகளோடு சேர்த்து அனுப்பும், பிணையத்தில் எது தெரிகிறது எது தெரியவில்லை என்ற கேள்வியே எழாது. நகல் முடிந்ததும் கோப்பு எண்ணிக்கையைச் சர்வரிலேயே எண்ணி ஒப்பிடுங்கள், கிளையன்டில் எண்ண வேண்டாம்.

---

செம்மண் · சனி, மாலை 4.10

நான் லினக்ஸ் அல்லாத ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் வைத்திருக்கிறேன். அங்கே கிராஸ்எம்என்டி என்ற ஒன்றே கிடையாது. ஒவ்வொரு டேட்டாசெட்டும் எக்ஸ்போர்ட் பட்டியலில் தனியாக இருக்க வேண்டும். பதிப்பு 4இன் வேர் எது என்று ஒரு வி4 வரி எழுத வேண்டும். லினக்ஸ் வழிகாட்டியைப் பார்த்து அப்படியே எழுதியவர்கள் ஒரு நாளை வீணாக்குவார்கள் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

லினக்ஸின் இன்னொரு கோப்பு முறைமையான பிடிஆர்எஃப்எஸ்ஸில் துணைத்தொகுதி வைத்திருப்பவர்களுக்கும் இதே தீர்வு பொருந்துமா?

---

ஆலம்விழுது · சனி, மாலை 5.02

பொருந்தாது, செம்மண். பிடிஆர்எஃப்எஸ் துணைத்தொகுதி பெற்றோருக்குள்ளேயே சாதாரணக் கோப்புறைபோல எட்டும், மவுன்ட் எல்லை இல்லை. அங்கே சிக்கல் வேறு. ஒவ்வொரு துணைத்தொகுதியின் வேர்க் கோப்புறைக்கும் ஐநோடு எண் (கோப்பு முறைமை தரும் அடையாள எண்) 256தான். என்எஃப்எஸ் வழியே பார்க்கும் கருவிக்கு ஒரே கோப்பு முறைமையில் ஒரே எண் மீண்டும் மீண்டும் வருவதால், ஃபைண்டும் டியூவும் "கோப்புறை வளையமாகச் சுற்றுகிறது" என்று முறையிட்டு நின்ற அனுபவம் பலருக்கு உண்டு. அதைத் தனி இழையாகத் தொடங்குங்கள், எழுதுகிறேன்.

இங்கே இன்னொன்று சேர்க்க வேண்டும். அடியில் எதுவும் விழாமல் தடுப்பது எப்படி என்று யாரும் சொல்லவில்லை. முன்பெல்லாம் லினக்ஸ் இசட்எஃப்எஸ், காலியாக இல்லாத கோப்புறையின் மேல் மவுன்ட் ஆக மறுக்கும். சர்வரை மறுதொடக்கம் செய்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஓபன்இசட்எஃப்எஸ் 2.0இலிருந்து ஓவர்லே பண்பு இயல்பாகவே ஆனில் இருக்கிறது, ஆகவே சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். இவர் பத்து முறை மறுதொடக்கம் செய்திருந்தாலும் தெரிந்திருக்காது.

நான் செய்வது இது: தாய் டேட்டாசெட்டுக்கு ரெஃப்கோட்டா 16 எம்பி வைத்துவிடுவேன். கோட்டா வேறு, ரெஃப்கோட்டா வேறு. ரெஃப்கோட்டா அந்த டேட்டாசெட் தானே பிடிக்கும் இடத்தை மட்டும் கட்டுப்படுத்தும், குழந்தைகளைக் கணக்கில் சேர்க்காது. யாராவது மூடிக்கு அடியில் எழுதத் தொடங்கினால் இரண்டாவது படத்திலேயே இடமில்லை என்று கத்தும். தாயை ரீட்ஒன்லி ஆக்குவோரும் உண்டு. அப்படிச் செய்தால் ஒவ்வொரு குழந்தையிலும் அதை ஆஃப் செய்ய வேண்டும். அடுத்த ஆண்டுக்குப் புதிய குழந்தை உருவாக்கும்போது மவுன்ட் கோப்புறை உருவாக முடியாமல் திணறும். எனக்கு ரெஃப்கோட்டாதான் பிடித்திருக்கிறது.

இசட்எஃப்எஸ் இல்லாமல் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை வைத்திருப்பவர்கள், வட்டு மவுன்ட் ஆகாத நேரத்தில் அந்த வெற்றுக் கோப்புறைக்கு சிஹெச்ஆட்டர் கட்டளை கொண்டு மாற்ற முடியாத கொடியைப் போட்டுவிடுங்கள். எக்ஸ்போர்ட் வரியில் எம்பி விருப்பத்தையும் சேருங்கள். வட்டு மவுன்ட் ஆகாவிட்டால் வெற்றுக் கோப்புறையை எக்ஸ்போர்ட் செய்யாமல் அது நிறுத்திவிடும்.

---

மின்மினி · சனி, மாலை 5.30

ரெஃப்கோட்டாவை இப்படிப் பயன்படுத்தலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. என் வீட்டுச் சர்வரிலும் வைத்துவிட்டேன். வைப்பதற்கு முன் யூஸ்டுடிஎஸ் பார்த்தேன். எனக்கும் 4 ஜிபி அடியில் கிடந்தது. கிராஸ்எம்என்டி போடுவதற்கு முந்தைய காலத்துக் கோப்புகள். சிக்கலே இல்லை என்று காலையில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

---

தாமிரபரணிக்கரை · ஞாயிறு, காலை 10.15

செய்து முடித்ததை எழுதிவிடுகிறேன், இதே சிக்கலோடு வருபவர்களுக்கு உதவும்.

பிரின்ட் அறைக் கணினியில் பதிப்பு 3ஐ எடுத்துவிட்டு 4.2 என்று எழுதினேன். மவுன்ட் ஆனதும் 2025க்குள் நின்று இட அளவைக் காட்டும் டிஎஃப் கட்டளையை ஓட்டினேன். முன்பு தாயின் அளவையே காட்டியது, இப்போது 2025க்கு நான் ஒதுக்கிய 500 ஜிபியைக் காட்டுகிறது. சர்வரின் என்எஃப்எஸ் அமைப்புக் கோப்பில் பதிப்பு 3ஐயே அணைத்துவிட்டேன், இனி யாரும் பழைய வழியில் வர முடியாது. நோ_ரூட்_ஸ்குவாஷ் போய்விட்டது. கிராஸ்எம்என்டி சேர்க்கவில்லை. எக்ஸ்போர்ட்எஃப்எஸ் கட்டளையை வி விருப்பத்துடன் ஓட்டி, ஃபோட்டோவும் மூன்று ஆண்டுகளும் நான்கு தனி வரிகளாக வருவதைப் பார்த்துக்கொண்டேன்.

படங்கள் மொத்தம் 2,318. அடியில் இருந்தவற்றையும் 2025க்கு வந்தவற்றையும் ஷா256 சரிபார்ப்பு எண் கொண்டு ஒப்பிட்டேன், எல்லாம் பொருந்தின. அதன் பிறகே பைண்ட் மவுன்ட் வழியாக அடியில் இருந்ததை அழித்தேன். உடனே இடம் திரும்பவில்லை, ஸ்னாப்ஷாட்டுகள் பிடித்துவைத்திருக்கின்றன. அவசரம் எதுவும் இல்லை, முப்பது நாளில் அவை தாமாகக் கழியும். ரெஃப்கோட்டா 16 எம்பி வைத்து, பைண்ட் மவுன்டுக்குள் ஒரு படத்தை வேண்டுமென்றே எழுதிப் பார்த்தேன். 25 எம்பி படம், பாதியில் நின்றது.

ஒரே ஒரு சந்தேகம். படத்தொகுப்பாளர் 2024இலிருந்து 2025க்கு ஒரு கோப்புறையை நகர்த்தினால் முன்பு நொடியில் முடிந்தது, இப்போது பத்து நிமிடம் ஆகிறது என்கிறார். இதற்கு வழி உண்டா?

---

கல்தூண் · ஞாயிறு, காலை 10.44

இல்லை, தம்பி. இரண்டும் இப்போது வெவ்வேறு கோப்பு முறைமைகள், ஆகவே நகர்த்துவது என்பது நகலெடுத்து அழிப்பதுதான். அதுவும் கிளையன்டிலிருந்து செய்தால் படம் பிணையம் வழியாக ஒருமுறை அங்கே போய்த் திரும்பி வரக்கூடும். பெரிய நகர்த்தல்களைச் சர்வரிலேயே செய்து கொடுங்கள், நேரம் மிஞ்சும். நடுவில் மின்சாரம் போனாலும் மூலப்படம் போகாதபடி, நகல் முழுதாக முடிந்த பிறகு மட்டும் அழிக்கச் சொல்லுங்கள்.

---

தாமிரபரணிக்கரை · ஞாயிறு, காலை 10.52

சரி ஐயா. நாளைக் காலை கடை திறந்ததும் மூவரையும் உட்காரவைத்து, எந்தக் கோப்புறை எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் வரைந்து பிரின்ட் அறைச் சுவரில் ஒட்டப்போகிறேன். அந்தத் தம்பிதான் வரைகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.